மஜெல்லா ஹேகனின் செவ்வாய்க்கிழமைகள்

கேன்டீன் பலகையில் அந்த நோட்டீசை ஒட்டிய அன்று, அதைப் படித்துவிட்டு முதலில் சிரித்தவன் நான்தான். உயர்நிலை அப்ரண்டிஸ் நான்கு பேர் வேண்டும்; வாரத்தில் நான்கு நாள் கம்பெனியில் வேலை, செவ்வாய்க்கிழமை மட்டும் காலேஜ்; இரண்டு வருஷம் கழித்து மெக்கானிக்கல் டிசைனில் ஒரு பட்டயம். கடைசி வரியில் ‘வயது வரம்பு கிடையாது’ என்று இருந்தது. அதன் கீழே யாரோ பேனாவால் கோடு வேறு போட்டிருந்தார்கள்.

“மஜெல்லா, இது உனக்குத்தான்மா. முதுகுல பையை மாட்டிக்கிட்டு காலேஜுக்குக் கெளம்பு” என்றேன்.

அவள் சாசேஜ் ரோலைத் தின்றுகொண்டிருந்தாள். விரலைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்து, நோட்டீசை இரண்டு தடவை படித்தாள்.

“வயசு வரம்பு இல்லன்னு போட்டிருக்கே மலாகி, நெசமாவே இல்லையா, இல்ல மரியாதைக்குப் போட்டிருக்காங்களா?”

“மரியாதைக்குத்தான் இருக்கும்.”

“மரியாதைக்குப் போட்டா மாட்டிக்கிட்டாங்க” என்று சொல்லிவிட்டு, போனில் அதைப் படம் எடுத்துக்கொண்டாள். அப்போது அவளுக்கு நாற்பத்தாறு வயது.

நானும் அவளும் ஒன்பது வருஷமாக கம்பெனியின் ஸ்பேர் பார்ட் ஸ்டோரில் ஒன்றாக வேலை பார்த்தோம். எங்கள் கம்பெனி ஜல்லி உடைக்கும் கிரஷர் மெஷின் செய்கிறது. வட அயர்லாந்தில், டங்கானனிலிருந்து குக்ஸ்டவுன் வரை எந்தத் திருப்பத்தில் திரும்பினாலும் இதே வேலை செய்யும் கொட்டகை ஒன்று நிற்கும். ஒரு கம்பெனியின் வெல்டருக்கு அடுத்த கம்பெனியில் தம்பி இருப்பான், அதற்கடுத்ததில் மச்சான் இருப்பான். உலகத்தில் எந்தக் குவாரியில் கல் உடைந்தாலும் அதில் பாதி எங்கள் ஊர்க்காரன் செய்த மெஷினில்தான் உடைகிறது என்று பப்பில் பேசிக்கொள்வோம். கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம்.

ஆர்டருக்குக் குறைச்சல் இல்லை. ஆள்தான் இல்லை. வெல்டர் கிடைப்பதே பெரும்பாடு. டிசைன் போடுகிறவர்கள் கிடைப்பது அதைவிடப் பாடு. படித்த பிள்ளைகள் பெல்ஃபாஸ்டுக்கும் டப்ளினுக்கும் போய்விடுவார்கள். மிச்சமிருப்பவர்களைக் கம்பெனிகள் ஒன்றிடமிருந்து ஒன்று இழுத்துக்கொண்டிருந்தன. அந்த வருஷம் மட்டும் எங்கள் டிசைன் ஆபீசிலிருந்து இரண்டு பேரை பர்னார்ட் கான்லன் தூக்கிக்கொண்டு போனார். அவருடைய கம்பெனி எங்களிடமிருந்து மூன்று மைல். அந்த எரிச்சலில்தான் எங்கள் முதலாளி நார்மன் க்ரியர், ‘இனி நம்ம ஆளுங்களை நாமே தயார் பண்ணுவோம்’ என்று நோட்டீஸ் ஒட்டச் சொன்னார்.

மஜெல்லா பதினாறு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டவள். கணக்கில் ஃபெயில். சாக்ஸ் தைக்கிற ஃபாக்டரியில் சேர்ந்தாள். இருபத்துநாலு வயதில் அதை மூடிவிட்டார்கள். கல்யாணம், இரண்டு பிள்ளைகள். பிறகு எங்கள் கேன்டீனில் டீ ஊற்ற வந்தாள். டீ ஊற்றும்போது ஃபிட்டர்கள் பேசுவதையெல்லாம் காதில் வாங்கிக்கொண்டே இருந்திருக்கிறாள். ஒரு நாள் ஸ்டோரில் நான் இல்லாத நேரம், ஏதோ ஒரு குவாரியிலிருந்து போன் வந்தது. ‘பெரிய பெல்டுக்குப் பின்னாடி இருக்கிற பேரிங், நம்பர் தெரியல’ என்று அந்த ஆள் கத்திக்கொண்டிருந்தான். தட்டு எடுக்க வந்த மஜெல்லா போனை எடுத்து நம்பரை மனசிலிருந்தே சொல்லிவிட்டாள். நான் திரும்பி வந்து சரிபார்த்தேன். ஏழு இலக்கமும் சரி. அடுத்த மாதம் அவளை ஸ்டோருக்கு மாற்றிக்கொண்டார்கள்.

எந்த பார்ட் எத்தனை போகிறது, எங்கே போகிறது என்பதெல்லாம் அவள் தலைக்குள் இருக்கும். உடைந்த கல்லைத் தூக்கிச் செல்லும் கன்வேயரின் அடியில், பெல்ட் திரும்பி வரும் பக்கத்தில் ஒரு ரோலர் உண்டு. அதைத் தாங்கிப் பிடிக்கிற பிராக்கெட் மட்டும் மாதத்துக்கு ஏழெட்டு ஸ்பேராகப் போய்க்கொண்டிருந்தது. ‘இது உடையவே கூடாத சாமான் மலாகி, இது ஏன் இத்தனை போகுது?’ என்பாள். மூன்று தடவை மாடியேறி டிசைன் ஆபீசில் சொல்லிப் பார்த்தாள். தலைமை டிசைனர் ஃபெர்கல் மாலன் முப்பத்தெட்டு வயதுக்காரன். கெட்டிக்காரன், ஆனால் பொறுமை கிடையாது. “ஸ்டோர்ல நிக்கிறவங்களுக்கு எல்லா பார்ட்டும் தப்பாத்தான் தெரியும்” என்று சொல்லி அனுப்பிவிட்டான். அது அவன் போட்ட டிராயிங்.

விண்ணப்பத்தில் முதல் முட்டுக்கட்டை கணக்கு. பள்ளி இறுதிக் கணக்கில் பாஸ் இல்லாமல் காலேஜ் சேர்த்துக்கொள்ளாது. குக்ஸ்டவுனில் சாயங்கால வகுப்பு ஒன்று இருந்தது. ஜனவரியிலிருந்து ஜூன் வரை, வேலை முடிந்ததும் எண்ணெய்க் கறை படிந்த கோட்டோடு அப்படியே போவாள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஸ்டோர் கவுண்டரில் நோட்டை விரித்து, உதட்டைக் கடித்துக்கொண்டு கணக்குப் போடுவாள். போல்ட் வாங்க வருகிறவர்கள் சும்மா போவார்களா?

“மஜெல்லா, ஏழெட்டு எவ்வளவு?”

“உன் அறிவை விட அம்பத்தஞ்சு ஜாஸ்தி. எந்த சைஸ் போல்ட் வேணும், சொல்லித் தொலை.”

ஆகஸ்டில் முடிவு வந்தது. வெறும் பாஸ் மார்க்தான். அதைப் பிரின்ட் எடுத்து மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு நேர்முகத்துக்குப் போனாள். உள்ளே நார்மன், ஃபெர்கல், காலேஜிலிருந்து ஒரு அம்மா. என்ன நடந்தது என்று நார்மனே பிற்பாடு எங்களிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

“அஞ்சு வருஷம் கழிச்சு நீங்க எங்க இருப்பீங்கன்னு நெனைக்கிறீங்க மஜெல்லா?” என்று கேட்டிருக்கிறார். எல்லோரிடமும் கேட்கிற கேள்வி.

“இங்கதான் இருப்பேன் நார்மன். எனக்குப் பத்து மாடு இருக்கு, புருஷன் இருக்காரு, சொந்த வீடு இருக்கு. டப்ளின்காரன் கூப்பிட்டா மாட்டையெல்லாம் எங்க கட்டுவேன்? நீங்க பதினெட்டு வயசுப் பிள்ளைங்க நாலு பேரை எடுத்தா, நாலும் பறந்துடும். என்னை எடுத்தா ஒண்ணாவது மிஞ்சும்.”

ஃபெர்கல் எதிர்த்தான் என்று கேள்வி. நார்மன்தான் முடிவு செய்தார். பெரிய மனசு என்று சொல்ல மாட்டேன். ஆள் போய்விடும் பயம் அவருக்கு நிஜமான பயம்.

அந்தச் செப்டம்பரில் அவள் ஸ்டோரை விட்டு மாடிக்குப் போனாள். எனக்கு அது பிடிக்கவில்லை என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். அவளுக்குப் பதில் வந்தவர் நல்ல மனுஷன்தான், ஆனால் அலமாரியில் எது எங்கே என்று கேட்டால் கம்ப்யூட்டரைப் பார்ப்பார். கம்ப்யூட்டர் ஒன்று சொல்லும், அலமாரி ஒன்று சொல்லும்.

செவ்வாய்க்கிழமை காலேஜ். அந்த வகுப்பு எங்கள் டவுனில் இல்லை. காரில் ஒரு மணி நேரத்துக்கு மேல் போக வேண்டும். பஸ்ஸில் போவதென்றால் மூன்று பஸ் மாற வேண்டும், அப்படிப் போனாலும் முதல் வகுப்பு முடிந்திருக்கும். அவளோடு எடுத்த மற்ற மூன்று பேருக்கும் பத்தொன்பது இருபது வயது. கார் வாங்கலாம், ஆனால் அந்த வயதில் இன்சூரன்ஸ் கட்டி மாளாது. ஆகவே நாலு பேரும் மஜெல்லாவின் பழைய காரில்தான். காலை ஏழு மணிக்குக் கம்பெனி வாசலில் நிற்பாள். பிள்ளைகள் அவளை ‘மம்மி’ என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அவள் அதற்குச் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை.

“மம்மின்னு கூப்பிட்டா மம்மி சொல்றதக் கேக்கணும். முன்னாடி சீட்ல உக்காந்து சிப்ஸ் திங்கக் கூடாது. ஈஃபா, நீ பின்னாடி போ.”

ஈஃபா என்பது அந்த மூவரில் ஒருத்தி. முடி வெட்டும் கடையில் வேலை பார்த்துவிட்டு, வெல்டிங் கற்றுக்கொண்டு வந்தவள். கணக்கு அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. காரில் பின் சீட்டிலிருந்தே மஜெல்லாவுக்குச் சூத்திரங்களைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டு வருவாள். மஜெல்லா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி திரும்பச் சொல்வாள். அதற்குப் பதில் மஜெல்லா என்ன கொடுத்தாள் என்று கேட்டால், டிராயிங்கில் இருக்கிற ஒவ்வொரு பார்ட்டும் கையில் எவ்வளவு கனம், எங்கே துருப்பிடிக்கும், எதை ஃபிட்டர்கள் திட்டுவார்கள் என்று சொல்லிக்கொடுத்தாள்.

முதல் வருஷக் கடைசியில் விசைகள் பற்றிய தாளில் மஜெல்லா ஃபெயில். நூற்றுக்கு முப்பத்தொன்று. மற்ற மூவரும் பாஸ். அது ஜூன் மாதம். ரிசல்ட் வந்த மறுநாள் பத்து மணிக்கு ஸ்டோருக்குள் வந்து, ஒரு பெட்டி மேல் உட்கார்ந்தாள்.

“என்னோட எடம் இன்னும் இருக்கா மலாகி?”

நான் ஆறுதல் சொல்லியிருக்க வேண்டும். என் வாயிலிருந்து வந்தது வேறு. “இருக்கு. நாளைக்கே வா. இங்க ஒண்ணும் ஓடல” என்றேன். சந்தோஷமாகவே சொன்னேன்.

“நீ நான் ஃபெயிலாகணும்னே இருந்திருக்க.”

“அப்படியில்ல.”

“கொஞ்சம்.”

“கொஞ்சம்” என்று ஒப்புக்கொண்டேன். அவள் எழுந்து போய்விட்டாள். இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை. எனக்கு அது தேவைதான்.

அவள் படிப்பை விடாமல் இருந்ததற்குக் காரணம் அவள் புருஷன் ப்ரெண்டன் என்று அவளே சொல்வாள். ப்ரெண்டன் பால் டேங்கர் ஓட்டுகிறவர். அதிகம் பேச மாட்டார். அன்று வீட்டுக்குப் போய், ‘நான் விட்டுடறேன்’ என்று இவள் சொல்ல, அவர் உருளைக்கிழங்கைத் தோல் உரித்துக்கொண்டே சொன்னாராம்:

“நல்லதாப் போச்சு. செவ்வாய்க்கிழமை எனக்கும் லீவு. மாட்டுக்கொட்டாய்க்குத் தரை போடணும்னு நாலு வருஷமா சொல்றேன். நீ சிமெண்ட் கலக்கு, நான் பரப்பறேன்.”

“அவர் நக்கலாச் சொல்லல, மெய்யாலுமே சந்தோஷமா சொன்னாரு” என்றாள் மஜெல்லா. “அன்னிக்கே புத்தகத்தைத் திரும்பத் தொறந்துட்டேன்.” ஆகஸ்டில் திரும்ப எழுதினாள். அறுபத்திரண்டு. கொட்டகைத் தரை இன்னும் மண்தான்.

இரண்டாம் வருஷம் எல்லோரும் கம்பெனிப் பிரச்சினை ஒன்றை எடுத்து, தீர்த்துக் காட்ட வேண்டும். மஜெல்லா என்ன எடுப்பாள் என்பது எங்களுக்கு முன்னமே தெரியும். அந்த ரோலர் பிராக்கெட். ஃபெர்கல் முகம் சுளித்தான். ஆனால் விதிப்படி அப்ரண்டிஸுக்குக் கம்பெனியில் பொறுப்பாளன் அவன்தான். கையெழுத்துப் போட்டுத்தான் ஆக வேண்டும்.

அவள் முதலில் செய்தது தப்பு. தகடு மெல்லிசாக இருப்பதால் உடைகிறது என்று முடிவு கட்டிவிட்டாள். எட்டு மில்லிமீட்டரைப் பன்னிரண்டாக்கினாள். அதற்குப் பக்கம் பக்கமாகக் கணக்கு, கலர் கலராகப் படம். ஸ்பெரின் மலைப்பக்கத்துக் குவாரி ஒன்றில் எங்கள் மெஷின் ஓடுகிறது. அதில் புதுசை மாட்டச் சொன்னார்கள். மூன்றாவது வாரம் போன் வந்தது. பன்னிரண்டு மில்லிமீட்டரும் வெல்டிங் ஓரத்தில் விண்டுவிட்டது.

ஃபெர்கல் துண்டைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “தடிமனாப் போட்டா தாங்கும்னுதான் எல்லாரும் நெனைப்பாங்க” என்றான். குரலில் கொஞ்சம் திருப்தி இருந்தது. “என் டிராயிங்தான் தப்புன்னு மூணு தடவை மாடியேறி வந்தீங்களே மஜெல்லா.”

“இப்பவும் அதான் சொல்றேன். ஏன்னுதான் தெரியல” என்றாள். “நீ அந்த மெஷின் ஓடறதைப் போய்ப் பாத்திருக்கியா?”

“டெஸ்ட் யார்டுல நூறு தடவை பாத்திருக்கேன்.”

“குவாரியில?”

ஃபெர்கல் உடைந்த துண்டை மேஜையில் வைத்துவிட்டுக் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டான்.

மறுநாள் அவள் சர்வீஸ் வேனில் ஏறி மலைக்குப் போனாள். நல்ல மழை. அந்த மலையில் வெட்டுகிற கல்லில் களிமண் கலந்திருக்கும். மழை பெய்தால் பெல்டின் அடியில் சேறு ஒட்டி, ரோலரில் சுற்றிச் சுற்றி அரை அடி உருண்டையாகிவிடும். ரோலர் கோணலாகச் சுற்ற ஆரம்பிக்கும், பெல்ட் ஒரு பக்கம் ஒதுங்கும். இவள் வேனுக்குப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே, மெஷினைக் கவனிக்கிற ஆள் ஒரு மண்வாரியை எடுத்துக்கொண்டு அடியில் குனிந்து போனான். மண்வாரியின் முதுகால் ரோலரை ஓங்கி ஓங்கி அடித்தான். பாதி அடி ரோலரில், பாதி அடி பிராக்கெட்டில். பெல்ட் ஓடிக்கொண்டே இருக்கிறது.

“ஐயோ, என்ன பண்றீங்க!” என்று கத்திக்கொண்டே ஓடியிருக்கிறாள்.

“மண்ணு தட்டறேன்மா. ஒரு நாளைக்கு ஆறு தடவை தட்டணும்.”

“மெஷினை நிறுத்திட்டுத் தட்டக் கூடாதா?”

“நிறுத்தினா மறுபடி கிளப்பறதுக்கு இருபது நிமிஷம். மேஸ்திரி வருவாரு.” சொல்லிவிட்டு அவன் கையுறையைக் கழற்றி நெற்றியைத் துடைத்தான். இடது கையில் இரண்டு விரல் பாதியோடு நின்றிருந்தது. எப்படிப் போயின என்று அவள் கேட்கவில்லை. கேட்க வேண்டியிருக்கவில்லை.

மத்தியானம் கம்பெனிக்குத் திரும்பியவள், தொப்பலாக நனைந்தபடி நேராக என் ஸ்டோருக்குத்தான் வந்தாள். “அது பாரம் தாங்காம உடையல மலாகி. அவங்க அடிச்சு அடிச்சு உடைக்கிறாங்க. நான் தகட்டைத் தடியாக்கினேன். அந்த ஆளு இன்னும் ஓங்கி அடிச்சிருக்கான், அவ்வளவுதான்.” நான் டீ போட்டுக் கொடுத்தேன். இரண்டு வருஷமாக எந்தெந்தக் குவாரிக்கு இந்த பிராக்கெட் போயிருக்கிறது என்று சீட்டுகளை எல்லாம் எடுத்து இருவரும் கவுண்டரில் பரப்பினோம். பத்தில் ஒன்பது, களிமண் கல் வெட்டுகிற இடங்கள்.

அடுத்த ஏழு வாரத்தில் அவள் போட்டது வேறு சாமான். சேறு ஒட்டுவதற்கு முன்னாலேயே வழித்துத் தள்ள பெல்டுக்கு அடியில் ஒரு ரப்பர்ப் பட்டை. அதையும் மீறி ஒட்டினால், இரண்டு போல்டைத் தளர்த்தி ரோலரைக் கீழே சாய்த்துக் கழுவிவிட்டு ஏற்றிவிடலாம். மூன்று நிமிஷ வேலை. போல்டில் கை வைக்க வேண்டுமானால் ஒரு மூடியைத் திறக்க வேண்டும், மூடியைத் திறந்தால் அந்த பெல்ட் மட்டும் தானாக நின்றுவிடும், மூடிவிட்டு உடனே கிளப்பலாம். அந்த மூடி ஃபெர்கலின் யோசனை. அதை அவள் அறிக்கையில் அவன் பெயர் போட்டே எழுதினாள். பிராக்கெட் தகடு கடைசியில் ஆறு மில்லிமீட்டரில் நின்றது, பழசை விட மெல்லிசு.

ஃபெர்கல் அந்த டிராயிங்கைப் பார்த்துவிட்டு, “நான் போயிருக்கணும் அங்க” என்று மட்டும் சொன்னான். அதற்குப் பிறகு அவள் மாடியில் பேசினால் அவன் குறுக்கே பேசுவதில்லை.

இதே சமயத்தில்தான் காலேஜ் சுற்றுவட்டாரக் கம்பெனிக்காரர்களை எல்லாம் ஒரு கூட்டத்துக்கு அழைத்தது. பதினொரு கம்பெனி. ‘உங்களுக்கு எப்படிப்பட்ட ஆள் வேண்டும், நாங்கள் என்ன சொல்லிக்கொடுக்க வேண்டும்’ என்று கேட்பதற்கு. முடிந்தால் ஒரு அப்ரண்டிசையும் கூட்டி வாருங்கள் என்றிருந்தார்கள். நார்மன் மஜெல்லாவை அழைத்துப்போனார். டீ, ஹாம் சாண்ட்விச், கேக்குத் துண்டுகள் எல்லாம் இருந்தனவாம். அவளுடைய கேன்டீன் கண்ணுக்கு முதலில் பட்டது, டீ ஆறிப்போயிருந்ததுதான்.

ஒரு மணி நேரம் முதலாளிகள் பேசினார்கள். எல்லோரும் ஒன்றையேதான் சொன்னார்கள்: ஆள் இல்லை, காலேஜ்தான் தயார் பண்ணித் தரணும். நீங்கள் எத்தனை பேரை அனுப்புவீர்கள் என்று காலேஜ் கேட்டதும் எல்லோரும் சாண்ட்விச்சைப் பார்த்தார்கள். பர்னார்ட் கான்லன் வெளிப்படையாகவே சொன்னார்.

“நான் ரெண்டு வருஷம் படிக்க வைப்பேன். படிச்சு முடிச்சதும் நார்மன் கொத்திக்கிட்டுப் போவாரு. அதுக்கு நான் எதுக்கு?”

“யாரு, நானா?” நார்மன் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். “எங்கிட்டேருந்து ரெண்டு பேரைத் தூக்கிட்டுப் போயிட்டு பேச்சைப் பாரு!”

அப்போதுதான் மஜெல்லா கையைத் தூக்கினாள். வகுப்பில் தூக்கித் தூக்கிப் பழகிய கை.

“நான் ஒண்ணு சொல்லலாமா? எங்க கம்பெனியோட வருங்கால டிசைனருங்க நாலு பேரும் செவ்வாய்க்கெழமை ஒரே கார்ல போறோம். என் கார்தான். பிரேக் அவ்வளவு நல்லாயில்ல.”

யாரோ சிரித்தார்கள். நார்மன் சிரிக்கவில்லை.

“எனக்குக் காய்ச்சல்னா நாலு பேரும் லீவு. போன ஜனவரி மாசம் பனியில ரெண்டு வாரம் போகல. பர்னார்ட், உங்க பெயின்ட் ஷாப்ல வேலை பாக்கற ரோனா எங்கிட்டக் கேட்டா, அவளும் சேரணும்னு. போய் வர வண்டியில்ல, விட்டுட்டா. அவ மாதிரி ஒவ்வொரு கம்பெனியிலயும் ரெண்டு மூணு பேர் இருக்காங்க. நீங்க தனித்தனியா ரெண்டு ரெண்டு பேரா அனுப்பினா ஒரு மணி நேரம் தள்ளித்தான் வகுப்பு. சேந்து அனுப்பினா முப்பது பேரு. முப்பது பேர் இருந்தா இங்கயே, டங்கானன்லயே வகுப்பு வைக்க மாட்டீங்களா?” கடைசிக் கேள்வி காலேஜ் அம்மாவுக்கு.

இருபத்தைந்து பேர் வந்தால்கூட வைக்கலாம் என்றார் அவர்.

“ஆளைக் கொத்திக்கிறதப் பத்திச் சொல்றீங்க. மொத்தமே பத்துப் பேர்தான் இருந்தா கொத்திக்கத்தான் செய்வீங்க. ஊர்ல அம்பது பேர் இருந்தா யாரு யாரைக் கொத்தப் போறீங்க?”

கூட்டம் அன்றைக்கே முடிவெடுத்தது என்று சொன்னால் பொய். மூன்று மாதம் இழுத்தது. கடிதம், போன், மறுபடி ஒரு கூட்டம். இரண்டு கம்பெனிகள் சேரவே இல்லை. ‘மற்றவன் செலவில் நாங்கள் ஆள் எடுத்துக்கொள்வோம்’ என்று அவர்கள் நினைப்பதாகப் பேச்சு, இருக்கலாம். ஒன்பது கம்பெனி சேர்ந்தது. செப்டம்பரில் டங்கானனிலேயே வகுப்பு தொடங்கியது, இருபத்தாறு பேர். அதில் ஐந்து பேர் நாற்பதைத் தாண்டியவர்கள். ரோனா ஒருத்தி. எங்கள் கம்பெனியிலிருந்து வெல்டிங் பக்கத்து ஆள் ஒருவர், ஐம்பத்திரண்டு வயது. ‘நீயும் சேர்’ என்று மஜெல்லா என்னைக் கேட்டாள். எனக்கு வேண்டாம் என்றேன். எனக்கு ஸ்டோர் பிடிக்கும். அவள் திரும்பக் கேட்கவில்லை. அதற்காக அவளை மதிக்கிறேன்.

அந்த வகுப்பு தொடங்குவதற்கு முன்பே, ஜூனில், அவள் படிப்பை முடித்துவிட்டாள். பிராக்கெட்டுக்காக நல்ல மார்க் வந்தது. பட்டமளிப்புக்கு ப்ரெண்டன் பாதியில்தான் வந்து சேர்ந்தார்; மாடு ஈனும்போது கன்று குறுக்காக வந்துவிட்டதாம். அவளை மேடையில் கூப்பிட்டபோது அவர் கதவோரம் நின்று கைதட்டினார். ஈஃபா விசில் அடித்தாள். மஜெல்லா மேடையில் ஒன்றும் அழவில்லை. காருக்கு வந்து கறுப்பு அங்கியைக் கழற்றும்போது, “எங்கம்மா இருந்திருந்தா இதுக்கு இஸ்திரி போட்டிருக்கணும்னு திட்டியிருப்பாங்க” என்று சொல்லி மூக்கைச் சிந்தினாள்.

இரண்டு வாரம் கழித்து பர்னார்ட் கான்லன் அவளுக்குப் போன் செய்தார். தலைமை டிசைனருக்கு அடுத்த இடம், கம்பெனி கார். நார்மனுக்கு எப்படியோ தெரிந்து, அன்று முழுக்க ஸ்டோரில் என்னைச் சுற்றிச் சுற்றி வந்தார். “உங்கிட்ட எதாவது சொன்னாளா?” ஒன்றும் சொல்லவில்லை என்றேன். நிஜமாகவே சொல்லவில்லை.

அவள் நான்கு நாள் யோசித்தாள். ஐந்தாம் நாள் நார்மனின் அறைக்குப் போனாள். “போகல. ஆனா சும்மா ஒண்ணும் தங்க மாட்டேன்” என்று ஆரம்பித்தாளாம். முழு டிகிரிக்கு அனுப்ப வேண்டும். டிசைன் ஆபீசில் இருக்கும் எல்லோரும் வருஷத்துக்கு நான்கு தடவையாவது குவாரிக்குப் போய், மெஷின் ஓடுவதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். மழை நாளில். நார்மன் இரண்டுக்கும் சரி என்றார். கான்லன் கம்பெனிக்குப் போனது ஃபெர்கல். அதைத்தான் யாரும் எதிர்பார்க்கவில்லை. போகும்போது மஜெல்லாவிடம் கை கொடுத்து, “இங்க நான் கத்துக்கிட்டது போதும்” என்று சொல்லிப் போனான். அது பாராட்டா கோபமா என்று அவளுக்கு இன்றும் சந்தேகம். மூன்று மைல்தானே, ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசையில் பார்த்துக்கொள்கிறார்கள்.

புது பிராக்கெட் போட்ட மெஷின்கள் இப்போது நாற்பது வெளியே ஓடுகின்றன. பழசு மாதத்துக்கு இரண்டு போகிறது. புதுசு இதுவரை ஒன்றுகூட ஸ்பேராகப் போகவில்லை. ரப்பர்ப் பட்டைதான் நினைத்ததை விடச் சீக்கிரம் தேய்கிறது என்று ஸ்காட்லாந்திலிருந்து புகார். அதனால் இந்த வாரம் அவள் ஊரில் இல்லை. திங்கட்கிழமை காலைக் கப்பலில், சர்வீஸ் வேனில், ஈஃபாவையும் கூட்டிக்கொண்டு போயிருக்கிறாள். அங்கே வெள்ளிக்கிழமை வரை மழை என்று சொல்லியிருக்கிறார்கள்.